கடைப் பலகைக்குக் கையெழுத்துப் பாணி எழுத்து ஏற்றதா?



திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் வழியில், புதிய பலகைகள் பலவற்றில் பேனாவால் எழுதியது போன்ற சாய்ந்த எழுத்துகளைக் காண்கிறோம். பார்க்க அழகுதான். நாங்களும் மண்டியின் பலகையை அவ்வாறே மாற்றினோம். முதல் வாரமே விருதுநகரிலிருந்து பருப்பு ஏற்றி வந்த லாரி கடையைத் தாண்டிப் போய், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியது. "பலகையைப் பார்த்தேன், படிக்கத்தான் முடியவில்லை" என்றார் டிரைவர். அதன் பிறகே இதைப் பற்றி விசாரித்தோம்.

இப்பாணி வியாபாரத்திற்குப் புதிதல்ல. கோகோ கோலாவின் பெயரை 1886-இல் அழகிய கையெழுத்தில் எழுதியவர் பிராங்க் ராபின்சன். அவர் அந்நிறுவனத்தின் கணக்கர். அமெரிக்கக் கணக்கர்கள் அந்நாளில் பேரேட்டில் எழுதப் பழகிய ஸ்பென்சீரியன் என்ற எழுத்துதான் அது. ஆனால் அது ஒரே ஒரு பெயருக்குப் பயன்பட்டது, விலைப்பட்டியலுக்கு அல்ல.

தமிழில் கூடுதல் கவனம் தேவை. சாய்வெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மெலிந்தால், தூரத்திலிருந்து 'எண்ணெய்' என்பது 'எணணெய' ஆகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலத் தோன்றும். ண, ன இரண்டும் குழம்பும். ஆகவே கடைப் பெயரை மட்டும் இந்த எழுத்தில் வைத்து, 'மளிகை', 'மொத்த வியாபாரம்' போன்றவற்றை நேரான தடித்த எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 10 அடி தூரத்திற்கு 1 அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் பழகிய கணக்கு. 100 அடியிலிருந்து தெரிய வேண்டுமானால் 10 அங்குல எழுத்து வேண்டும்.

எழுத்துருவுக்கும் உரிமை உண்டு. விலைக்கு விற்கப்படும் எழுத்துருவை அனுமதியின்றிப் பயன்படுத்துவது முறையல்ல. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்ற கையெழுத்துப் பாணித் தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. வணிகத்திற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பிற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்பது அளவு. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி எடையும் விலையும் தெளிவாக, பின்னணிக்கு மாறுபட்ட நிறத்தில் அச்சிடப்பட வேண்டும். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. எனவே லேபிளில் அந்த விவரங்களுக்கு அலங்கார எழுத்து வேண்டவே வேண்டாம்.

பலகைக்கு முன்பணம் கொடுக்கும் முன், மாதிரியைத் தாளில் அச்சிட்டு எதிர்ச்சாரியில் ஒட்டுங்கள். கண்ணாடி அணிந்த வயதான வாடிக்கையாளர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால் பலகையைச் செய்யச் சொல்லலாம். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டதால், ஒரே பலகைக்கு இரண்டு முறை செலவு செய்தோம்.