லெபனான் எரிந்த பதினைந்து ஆண்டுகள்

லெபனான் உள்நாட்டுப் போர் என்றதும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட மதப்போர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மேடைகளிலும் அவ்வாறே முழங்கப்படுகிறது. அது பாதி உண்மையே. 1975 முதல் 1990 வரை நீடித்த அப்போரின் திருப்பங்களைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். யார் யாருக்கு எதிராக நின்றனர் என்பது மாறிக்கொண்டே இருந்ததைக் காண்பீர்கள்.

வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. 1943இல் எழுத்தில் வடிக்கப்படாத உடன்பாடு ஒன்றின்படி, குடியரசுத் தலைவர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் ஸுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் எனப் பதவிகள் பங்கிடப்பட்டன. நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவருக்கு ஆறு இடமென்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து. இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1932ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. அதன்பின் அந்நாட்டில் அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடத்தியதில்லை. எண்ணிப் பார்த்தால் பங்கீடு குலைந்துவிடும் என்ற அச்சம்! 1948இல் அகதிகளாக வந்த பலஸ்தீனரோடு, 1970இல் ஜோர்தானில் தோற்ற போராளிகளும் வந்து சேர்ந்தபோது, சமநிலை தள்ளாடத் தொடங்கியது.

1975 ஏப்ரல் 13. பெய்ரூத்தின் ஐனுர் ரும்மானா பகுதியில் காலையில் ஃபலாஞ்சிக் கட்சியார் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே அவ்வழியே பலஸ்தீனர் வந்த பேருந்து மீது அக்கட்சியினர் சுட்டதில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள், ‘கறுப்புச் சனிக்கிழமை’ என இன்றும் நினைவுகூரப்படுவது. சாலைகளில் திடீர்ச் சாவடிகள் எழுந்தன. நிறுத்தப்பட்டவர் நீட்டிய அடையாள அட்டையில் அவர் சார்ந்த மதப்பிரிவு எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தே, ஆயுதமற்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மறுதரப்பும் தன் பகுதிகளில் அவ்வாறே செய்தது. அட்டையை அரபியில் ‘ஹவிய்யா’ என்பர்; ‘தான் யார்’ என்பதைச் சொல்லும் சொல் அது. வேலைக்குச் சென்றவன் வீடு திரும்புவதையும் திரும்பாததையும் ஒரு காகிதத்தின் ஒற்றை வரி தீர்மானித்தது.

1976இல் முதற் பெருந்திருப்பம். துருஸ் தலைவர் கமால் ஜும்பலாத்தின் அணியும் பலஸ்தீனரும் வெல்லும் நிலையில் இருந்தனர். அப்போது சிரியா படையனுப்பியது, மரோனைட்டுகளைக் காக்க! அரபு ஒற்றுமை பேசிய டமாஸ்கஸ் இதைச் செய்யுமென யார் எதிர்பார்த்தார்? பின்னர் அதே சிரியா அதே மரோனைட்டுகள் மீது குண்டு பொழிந்தது.

1982 ஜூனில் இஸ்ரேல் படையெடுத்துப் பெய்ரூத்தை முற்றுகையிட்டது. பலஸ்தீனப் போராளிகள் கப்பலேறினர். செப்டம்பர் 14இல் குடியரசுத் தலைவராகத் தேர்வாகியிருந்த பஷீர் ஜுமய்யில் கொல்லப்பட, 16ஆம் நாள் முதல் ஸப்ரா, ஷாத்தீலாவில் இஸ்ரேலியர் சுற்றி நிற்க, ஃபலாஞ்சிகள் அகதிகளைக் கொன்று குவித்தனர். இதை நாம் அறிவோம், அடிக்கடி பேசுகிறோம்.

அடுத்து நிகழ்ந்ததைப் பேசுவதில்லை. 1985இல் அதே ஷாத்தீலாவை முற்றுகையிட்டது, சிரியாவின் ஆதரவு பெற்ற ஷியா இயக்கமான ‘அமல்’. முஸ்லிம்களை முஸ்லிம்களே வளைத்தனர். 1987 தொடக்கத்தில் புர்ஜுல் பராஜினா முகாமில் பசி முற்றி, நாயும் பூனையும் உண்டு தீர்ந்தபின், இறந்தோரின் இறைச்சியை உண்ண அனுமதியுண்டா என அங்குள்ளோர் உலமாக்களிடம் ஃபத்வா கேட்ட செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. மார்க்கச் சட்டம் கற்பிக்கும் எனக்கு, ‘நிர்ப்பந்தம்’ என்னும் பாடத்தை நடத்துகையில் இதுவே நினைவுக்கு வருகிறது. 1988இல் அமலும் ஹிஸ்புல்லாவும் மோதின. 1990இல் கிறிஸ்தவத் தளபதி அவ்னும் கிறிஸ்தவப் படைத்தலைவர் ஜஅஜஅவும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டனர். இதையா மதப்போர் என்பது?

1989 மே 16இல் நாட்டின் முஃப்தி ஷைக் ஹஸன் காலித் குண்டுவெடிப்பில் மாண்டார். அக்டோபரில், 1972இல் தேர்வாகி எஞ்சியிருந்த உறுப்பினர்கள் சவூதியின் தாயிஃபில் கூடி, இடங்களைச் சரிபாதியாக்க ஒப்பினர். புதிய தலைவர் ரெனே முஅவ்வத் பதினேழாம் நாளே கொல்லப்பட்டார். உடன்பாட்டை ஏற்க மறுத்த அவ்னை 1990 அக்டோபர் 13இல் சிரியப் படை வெளியேற்றியபின்னரே துப்பாக்கிகள் ஓய்ந்தன. மாண்டவர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் என்பர்.

1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. படைத்தலைவர்கள் அமைச்சர்களாயினர். ஆனால் சாவடிகளில் இறக்கப்பட்டுக் காணாமற்போனோர், சுமார் 17,000 பேர் எனக் கூறப்படுவோர், என்னவாயினர்? அவர்தம் தாய்மாரும் மனைவியரும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே, 1982 முதல் கேட்டு வருகின்றனர். 2005இல் பெய்ரூத் நடுவே கூடாரமிட்டு அமர்ந்தனர். 2009இல், தம் இரு பிள்ளைகளுக்காக அங்கே காத்திருந்த முதிய தாயொருவர் சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி இறந்தார். காணாமற்போனோரைத் தேடும் ஆணையத்துக்கான சட்டம் 2018இல்தான் நிறைவேறியது.