காபி கொட்டிய கீபோர்டு

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேசையில் காபி டம்ளர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அது மெக்கானிக்கல் கீபோர்டின் மேல் கவிழ்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்த வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுதான் இன்றைக்குப் பலவற்றுக்கும் முன்மாதிரி. உள்ளே ஒரு சுருள்வில், ஏறி இறங்கும் தண்டு, இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். தண்டு இறங்கினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும். எம்எக்ஸ் சிவப்பு சுவிட்சில் விசை மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும்.

கொட்டியதும் முதல் வேலை, வயரைப் பிடுங்கிக் குப்புறக் கவிழ்ப்பது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறும். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்லும் அதே களிம்பு.

அடுத்த கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றுவார்கள். சர்க்கரை அதில் கிட்டத்தட்டக் கரையாது. பாலும் சர்க்கரையும் காய்ந்து பசையாகி, அழுத்திய விசை மேலே எழ மறுக்கும். அதனால் விசை மூடிகளைக் கழற்றிவிட்டு, முதலில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதேதான். சீல் உடைக்காத பாட்டிலாக இருக்கட்டும். பழைய டூத்பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்த பிறகு ஆல்கஹால் விட்டால், தங்கிய நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும். சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். விளக்கும் ஊதுபத்தியும் பக்கத்தில் கூடாது. பிறகு ஃபேன் காற்றில் உலர்த்தலாம். தீபத் திருவிழா வரும் கார்த்திகை மழை மாதமாக இருந்தால் கூடுதலாக இரண்டு நாள் பொறுக்கத்தான் வேண்டும்.

இணைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு எழுத்து மட்டும் விழாவிட்டால் பெரும்பாலும் சுவிட்சில்தான் கோளாறு. ஒரு வரிசை முழுக்கச் செத்திருந்தால், விசைகளை வரிசை வரிசையாகக் கோத்திருக்கும் செம்புத் தடம் பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்து இடம் கண்டுபிடித்து, மெல்லிய கம்பியைப் பற்றவைத்தால் போதும்.

சுவிட்சைப் பிடுங்கி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் வகை என்றால் இன்னும் எளிது. தமிழ்99 விசை அமைப்பில் புள்ளி வைக்கும் எஃப் விசை போய்விட்டால், புது சுவிட்ச் வரும்வரை, யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சைக் கழற்றி அங்கே மாட்டிக்கொள்ளலாம்.