உங்களுக்குத் தெரியுமா? ஓடாமலும் கொழுப்பு குறையும்!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள், ராஜகிரி மலையின் அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம் ஆகியவற்றோடு பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றையும் காணலாம்.

உடற்பயிற்சி நமக்குப் புதிதல்ல; தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, இளவட்டக்கல் என நம் ஊர்ப் பயிற்சிகளில் பலவும் தசைக்குச் சுமை தருபவையே.

இப்படிச் சுமை தரும் பயிற்சிகள் கொழுப்பைக் குறைக்குமா? நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் 58 ஆய்வுகளை, ஏறத்தாழ 3,000 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சியை மட்டும் சுமார் ஐந்து மாதம் செய்த புதியவர்களின் உடல் கொழுப்பு விகிதம் சராசரியாக 1.4 சதவீதம் குறைந்திருந்தது. எடை மெஷின் இதைக் காட்டாமல் போகலாம். கொழுப்பு இறங்கும்போதே தசை ஏறுகிறதே! அதனால் இடுப்பை நாடாவால் அளந்து பார்ப்பதே மேல்.

தசை வளர்ந்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் கரைந்துவிடும் என்பது மட்டும் மிகையான நம்பிக்கை. ஒரு கிலோ தசை, ஓய்வில் இருக்கும்போது நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரிதான். ஓர் இட்லியில் அதைவிட அதிகம் இருக்கிறது.