ஒரே மெட்டு, பல தாய்க்கல்லூரிகள்: அமெரிக்கக் கல்வி நிறுவனப் பாடல்களில் மெட்டுப் பகிர்வு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் பெரும்பாலும் இருவகைப் பாடல்களைத் தமக்கெனக் கொண்டுள்ளன. ஒன்று, நிறுவனத்தைத் தாயாகப் போற்றும் ‘அல்மா மேட்டர்’ பாடல். இலத்தீனில் ‘ஊட்டி வளர்க்கும் தாய்’ எனப் பொருள்படும் இத்தொடரைத் ‘தாய்க்கல்லூரி’ எனக் கொள்ளலாம். மற்றொன்று, விளையாட்டுக் களத்தில் அணியை ஊக்குவிக்கும் ‘ஃபைட் சாங்’ என்னும் களப்பாடல். இவ்விரு வகைகளும் நிறுவனத்தின் தனித்த அடையாளமாகக் கருதப்படுகின்றன. எனினும் ஒரே மெட்டைப் பல நிறுவனங்கள் தமதெனப் பாடுகின்றன. பொதுவான மெட்டு எங்ஙனம் தனியுடைமை உணர்வைத் தருகிறது, அவ்வுணர்வுக்கு எல்லை உண்டா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெட்டும் மறுபாடலும்

வழக்கிலுள்ள மெட்டுக்குப் புதிய பாடல் புனைதலை மேலை இசையியலார் ‘கான்ட்ராஃபாக்டம்’ என்பர். இன்ன பாடலின் வர்ணமெட்டு எனத் தலைப்பில் குறித்துப் பாடல்களை அச்சிட்ட தமிழ் மரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் இம்முறைக்குத் தொன்மையான சான்று ஹார்வர்டு பாடலாகும். அக்கல்லூரியின் இருநூற்றாண்டு விழாவுக்காக 1836இல் சாமுவேல் கில்மன் அதனை இயற்றினார். அதன் மெட்டு, அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் தம் காதற்பாடல் ஒன்றுக்குப் பயன்படுத்தியது. மூருக்கு முன்னரும் அது வேறொரு பாடலுக்கு உரியதாய் வழங்கியது. ஆகவே ஹார்வர்டு அடைந்தது முன்பே கைம்மாறிய ஒரு மெட்டையே.

‘ஆனி லைல்’ மெட்டின் பரவல்

இவ்வகையில் மிகப் பரவலானது ‘ஆனி லைல்’ என்னும் பாடலின் மெட்டாகும். எச். எஸ். தாம்சன் இயற்றிய இப்பாடல் 1857இல் வெளிவந்தது. இளம்பெண் ஒருத்தியின் இறப்புக்கு இரங்குவது அதன் பொருள். 1870ஆம் ஆண்டளவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆர்ச்சிபால்டு வீக்ஸ், வில்மட் ஸ்மித் ஆகிய இருவரும் அதே மெட்டில் தம் கல்லூரியைப் பாடினர். பின்னர் கான்சாஸ், இந்தியானா, மிசௌரி, அலபாமா, வாண்டர்பில்ட் முதலிய பல்கலைக்கழகங்களும் எண்ணற்ற பள்ளிகளும் அதனை மேற்கொண்டன.

இப்பரவலுக்கு யாப்பு ஒரு காரணம். ஈண்டு ‘அசை’ என்பது ஆங்கில ஒலியசையைக் குறிக்குமே அன்றித் தமிழின் நேர், நிரை அசைகளை அன்று. கார்னெல் பாடலில் 8 அசை கொண்ட அடியும் 5 அசை கொண்ட அடியும் மாறிமாறி வருகின்றன. அழுத்தம் பெறும் அசை முன்னும் பெறாதது பின்னுமாக அமையும் நடை இது. இசைப்பயிற்சி இல்லாத மாணவனும் இக்கட்டமைப்பில் எளிதில் சொற்களை நிரப்ப இயலும்.

அதனினும் நுட்பமான காரணம் பல்லவியின் ஈற்றில் உள்ளது. மூலப்பாடலின் பல்லவி இறந்த பெண்ணின் பெயரோடு முடிகிறது. கார்னெல் பாடலில் அதே இடத்தில் கல்லூரியின் பெயர் அமர்கிறது. இந்தியானா பாடலும் நிறுவனப் பெயரோடே முடிகிறது. அன்புக்குரியவளை விளித்து நிற்கும் இசைமுடிவு, தாயாக உருவகிக்கப்பட்ட நிறுவனத்தை விளிக்கவும் பொருந்துகிறது. இரங்கலின் உருக்கம் நீங்காமலே பற்றாக மாறுகிறது. கல்லூரியை நீங்கியோர் கடந்த இளமையை எண்ணிப் பாடும் பாடலுக்கு இவ்வுருக்கம் இயைபுடையதே.

களப்பாடல்களின் இயல்பு

களப்பாடல்களின் பகிர்வு வேறு வகையினது. ‘ஆன், விஸ்கான்சின்’ பாடலுக்கு வில்லியம் பர்டி 1909இல் இசையமைத்தார். மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்திய பாடற்போட்டிக்கென அமைத்த மெட்டை, கார்ல் பெக் வற்புறுத்தியதால் விஸ்கான்சினுக்கு அளித்தார். சொற்களைப் பெக் எழுதினார். 1959இல் அது மாநிலப் பாடலும் ஆயிற்று. இன்று ஒரு மாநிலத்தின் குரலாக ஒலிக்கும் மெட்டு, பிறக்கும்போது அண்டை மாநிலத்துக்கென எண்ணப்பட்டது என்பது கருதத்தக்கது. நாடெங்கும் பல உயர்நிலைப் பள்ளிகள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இதனைப் பாடுகின்றன. மிச்சிகன், நோட்டர் டேம் பல்கலைக்கழகங்களின் களப்பாடல்களும் இவ்வாறே பள்ளிகளில் வழங்குகின்றன. அணிவகுப்பு இசைக்குழுவுக்கு ஏற்ற நடை, அச்சிட்ட இசைத்தாள், கேட்போர்க்கு முன்பே உள்ள அறிமுகம் ஆகியவை இதற்குத் துணைசெய்தன. அல்மா மேட்டர் பாடல் நினைவை நோக்கியது. களப்பாடல் அந்நேரத்து எழுச்சியை நோக்கியது. பின்னதற்கு மெட்டின் புகழே பயன்.

மெட்டில் தங்கும் நினைவு

மேற்கண்டவற்றால் மெட்டு ஒரு வெறுங்கலம் என்றும், சொல்லும் சூழலுமே அதற்குப் பொருள் தருகின்றன என்றும் முடிவுகட்டலாகாது. யேல் பல்கலைக்கழகப் பாடலின் சொற்களை 1881இல் ஹென்றி டுராண்ட் எழுதினார். அதன் மெட்டு, 1854இல் கார்ல் வில்ஹெல்ம் அமைத்த ஜெர்மானியத் தேசப்பற்றுப் பாடலுக்குரியது. 1942இல் வெளிவந்த ‘காசாபிளாங்கா’ திரைப்படத்தில் ஜெர்மானிய அதிகாரிகள் பாடுவதும் அம்மெட்டையே. ஒருசாரார்க்குக் கல்லூரி இளமையாக ஒலித்தது, மற்றொரு சாரார்க்குப் பகைவர் முழக்கமாக ஒலித்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகப் பாடல் இச்சிக்கலின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. இருப்புப்பாதைத் தொழிலாளர் பற்றிய புகழ்பெற்ற பாடலின் மெட்டில் ஜான் சிங்ளேர் இயற்றிய அது, 1903இல் வெள்ளையர் முகத்தில் கருமை பூசிக் கறுப்பினத்தாரை எள்ளி நடித்த ‘மின்ஸ்ட்ரல்’ அரங்கில் முதலில் பாடப்பட்டது. 2020இல் அப்பல்கலைக்கழக விளையாட்டு மாணவர் சிலர் அப்பாடலை மாற்றக் கோரினர். நிறுவனம் அதனைத் தக்கவைத்துக்கொண்டது. இன்றைய சொற்களில் இழிவு இல்லை என்பது ஒரு தரப்பு. முதல் அரங்கேற்றத்தைப் பாடலினின்று பிரிக்க இயலாது என்பது மறுதரப்பு. ஒரு பாடலின் பொருள் அதன் சொல்லில் மட்டும் அடங்குவதில்லை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

மெட்டுப் பகிர்வைப் படைப்பாற்றலின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு பாடலை நிறுவனத்துக்கு உரியதாக்குவன மெட்டின் புதுமை அன்று. பெயர் அமரும் இடமும், கூடிப் பாடும் சூழலும், ஆண்டுதோறும் தொடரும் வழக்குமே. கார்னெலும் இந்தியானாவும் ஒரே மெட்டைப் பாடியும் ஒன்றன் உரிமையை மற்றொன்று குறைக்காதது இதனாலேயே. ஆனால் மெட்டும் பாடலும் தாம் வந்த வழியை முற்றும் மறப்பதில்லை. அவ்வழியை மறந்து பாடுவோரும் மறக்க இயலாதோரும் ஒரே அரங்கில் நிற்கும்போது, பாடல் யாருடையது என்னும் வினா மீண்டும் எழுகிறது. ஆகவே இத்தகைய பாடல்களை ஆய்வோர் சொல்லையும் இசையையும் மட்டுமன்றி, அவை முன்னர்ப் பாடப்பட்ட இடங்களையும் பாடியோரையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.