மார்கழியிலும் பூக்கும் தோட்டம்

பெங்களூர் மேட்டு நிலத்தில் உள்ள ஊர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் மார்கழி, தை மாதங்களில் இரவில் நன்றாகக் குளிரும். பகலில் இதமான வெயில் அடிக்கும். மழை மிகவும் குறைவு.

இந்த மாதங்களில் பல வீடுகளில் பூந்தொட்டிகள் வெறுமையாகக் கிடக்கும். "குளிரில் என்ன பூக்கப் போகிறது?" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அதே மாதங்களில் சாலையோர மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. லால்பாக் தோட்டத்தில் குடியரசு தினத்தையொட்டி மலர்க்காட்சி நடக்கிறது. இது எப்படி?

மாதம் பார்த்து மரம்

லால்பாக் தோட்டத்தை 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார். 1908-இல் கிரும்பிகல் என்பவர் அங்கே பொறுப்பேற்றார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். அந்த நாட்டில் குளிர்காலத்தில் பனி கொட்டும். பல மரங்கள் இலையில்லாமல் நிற்கும். பெங்களூர் அப்படி இல்லை. இங்கே எல்லா மாதமும் ஏதாவது ஒரு மரம் பூக்கும்.

எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று கிரும்பிகல் கவனித்தார். ஒன்று ஓய்ந்ததும் மற்றொன்று பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பின்னால் வந்தவர்களும் நிறைய மரங்கள் நட்டார்கள். இன்று குளிர்காலத்தில் டபேபூயா மரம் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. மார்ச்சில் ஜக்கரண்டா ஊதா நிறத்தில் பூக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மயில்கொன்றை சிவப்பாகப் பூக்கிறது.

கிரும்பிகல் 1956-இல் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

ஊருக்குச் செய்ததை வீட்டு வாசலிலும் செய்யலாம். நாலு தொட்டி போதும்.

எந்தச் செடி வைக்கலாம்?

டிசம்பர் பூ: பெயரே மாதத்தைச் சொல்கிறது. ஊதா, வெள்ளை நிறங்களில் பூக்கும். சரமாகக் கட்டித் தலையில் வைக்கலாம். மழைக்காலத்தில் கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். செலவே இல்லை.

சாமந்தி: இரவு நீளமாக இருக்கும்போதுதான் இது மொட்டு வைக்கும். அதனால் தெருவிளக்கின் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் பூப்பது தள்ளிப்போகும். பெங்களூரைச் சுற்றியுள்ள சில சாமந்தி வயல்களில் இரவில் மின்விளக்குகள் எரியும். விவசாயிகள் பூக்கும் நாளைத் தள்ளிவைக்கச் செய்யும் வேலை இது. பூ முடிந்ததும் அடியில் பக்கக் கன்றுகள் வரும். அவற்றைப் பிரித்து நட்டால், அடுத்த ஆண்டு காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

செண்டுமல்லி: விதை போட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். செடி சிறிதாக இருக்கும்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் வரும். பூவும் கூடும்.

காகிதப்பூ: நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் குறைவாக விட்டால்தான் நிறையப் பூக்கும்.

எப்போது தொடங்குவது?

டிசம்பரில் பூ வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே விதைக்க வேண்டும். லால்பாக் மலர்க்காட்சிக்கும் சில மாதங்களுக்கு முன்பே நாற்று வளர்க்கத் தொடங்குவார்கள்.

பலர் டிசம்பரில் நர்சரிக்குப் போகிறார்கள். முழுவதும் பூத்த செடியை வாங்குகிறார்கள். சில வாரங்களில் பூ உதிர்ந்துவிடும். காசு வீண் என்று வருந்துவார்கள். வாங்குவதானால் நிறையக் கிளையும் மொட்டும் உள்ள செடியைப் பார்த்து வாங்க வேண்டும்.

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கோடையில் வெயில் பட்ட இடத்தில் இப்போது நிழல் விழலாம். வெயில் விழும் பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்தி வைக்க வேண்டும்.

தண்ணீரை மறக்கக் கூடாது

குளிர்காலம் முடிந்ததும் கோடை வரும். 2024 மார்ச்சில் பெங்களூரில் கடுமையான தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. செடிகளுக்குக் குடிநீர் ஊற்றக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

அதனால் செடியைத் தேர்ந்தெடுக்கும்போதே கோடையையும் நினைக்க வேண்டும். செண்டுமல்லி கோடைக்கு முன்பே முடிந்துவிடும். காகிதப்பூ கொஞ்சம் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு விடலாம். மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். காய்ந்த இலைகளை மண்மேல் பரப்பினால் ஈரம் நிற்கும்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் 12 மாதங்களின் பெயரை எழுதுங்கள். உங்கள் தெருவில் எந்த மாதம் எந்தப் பூ பூக்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். ஓர் ஆண்டு முடிந்ததும் தாளைப் பாருங்கள். எந்த மாதம் காலியாக இருக்கிறதோ, அந்த மாதத்தில் பூக்கும் செடியை நடுங்கள்.