குறைந்த செலவு 'ஸ்லாஷர்' படங்கள்: ஒரே படத்துக்கு இரு வேறு தீர்ப்புகள் ஏன்?

பெங்களூரு: பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல், குறைந்த செலவில் உருவாகும் சுயாதீன 'ஸ்லாஷர்' திகில் படங்கள் வெளியாகும்போதெல்லாம் பார்வையாளர்கள் இரு அணிகளாகப் பிரிவது வழக்கமாகிவிட்டது. ஒரே படத்துக்கு ஒருவர் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தருகிறார். மற்றொருவர் இரண்டுக்கு மேல் தர மறுக்கிறார். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத இத்தகைய படங்கள் பார்வையாளர்களின் வாய்மொழிப் பரிந்துரையை நம்பியே ஓடுகின்றன. எனவே, இந்தப் பிளவு எதனால் ஏற்படுகிறது என்பது ரசிகர்களுக்கு மட்டுமின்றி, கடன் வாங்கிப் படமெடுக்கும் அறிமுக இயக்குநர்களுக்கும் முக்கியமான கேள்வியாகும்.

பெங்களூருவின் தொம்மலூரில் உள்ள பெங்களூரு சர்வதேச மையம் போன்ற அரங்குகளில், படம் திரையிடப்பட்ட பின் கலந்துரையாடல் நடத்தப்படுவதுண்டு. படம் பிடிக்காதவர் அதற்கான காரணத்தைச் சொல்லவும், படைப்பாளி அதற்குப் பதில் அளிக்கவும் அங்கே வாய்ப்பு இருக்கிறது. ஆனால், செயலிகளில் பதிவாகும் நட்சத்திரக் குறிகளில் காரணம் மறைந்துவிடுகிறது. எண் மட்டுமே எஞ்சுகிறது. ஸ்லாஷர் படங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணை விடக் காரணமே முக்கியமானது.

ஸ்லாஷர் என்றால் என்ன?

கொலையாளி ஒருவர், பெரும்பாலும் முகமூடி அணிந்து, கத்தி, கோடரி போன்ற ஆயுதங்களால் ஒரு குழுவினரை ஒவ்வொருவராகக் கொல்வதே இவ்வகைப் படங்களின் அடிப்படைக் கதை. கடைசியில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், உயிர் பிழைத்து அவரை எதிர்கொள்வார். பேய்ப் படங்களில் அச்சம் கண்ணுக்குத் தெரியாத சக்தியிடமிருந்து வருகிறது. ஸ்லாஷரில் அது மனித உருவில் வருகிறது.

இந்தக் கதையமைப்பு சிறு தயாரிப்பாளர்களுக்கு வசதியானது. ஒரு வீடு அல்லது காடு, சில புதுமுகங்கள், ஒரு முகமூடி, செயற்கை ரத்தம் ஆகியவை இருந்தால் படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாம். 1974-ல் டோபி ஹூப்பர் இயக்கிய 'தி டெக்சாஸ் செயின் சா மசாக்கர்' சுமார் 1.40 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. பிரிட்டனில் நீண்டகாலம் சான்றிதழ் மறுக்கப்பட்ட அந்தப் படத்துக்கு, 1999-ல்தான் வெட்டு ஏதுமின்றி அனுமதி கிடைத்தது. இன்று அது திகில் சினிமாவின் முக்கியப் படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மூன்று நாள் இடைவெளியில் இரு படங்கள்

1978 அக்டோபர் 25-ம் தேதி அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' திரைக்கு வந்தது. அடுத்த மூன்றாம் நாள், அக்டோபர் 28-ம் தேதி, தமிழகத்தில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், தொடர் கொலையாளியை மையமாகக் கொண்ட படத்தை மக்கள் திரண்டு பார்ப்பார்கள் என்பதை இரு படங்களும் தத்தம் நாட்டில் நிரூபித்தன. கிராமியப் படங்களால் அறியப்பட்ட பாரதிராஜா, நகர்ப்புறப் பின்னணியில் கமல்ஹாசனைப் பெண்களைக் கொல்பவராகக் காட்டியது அன்றைய ரசிகர்களுக்கு அதிர்ச்சியாகவும் புதுமையாகவும் இருந்தது.

'ஹாலோவீன்' படத்தின் செலவு சுமார் 3 லட்சம் டாலர். கடையில் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் வாங்கிய முகமூடிக்கு வெள்ளை வண்ணம் பூசித்தான் அதன் கொலையாளி உருவாக்கப்பட்டார். உலக அளவில் சுமார் 7 கோடி டாலர் வசூலித்த இப்படம், சுயாதீனத் திகில் படங்களுக்கு முன்னுதாரணமாக அமைந்தது. எனினும், விமர்சகர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. 'நியூயார்க்கர்' இதழின் பாலின் கேல் அதை ஏற்கவில்லை; ரோஜர் ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரங்களையும் வழங்கினார். அதே ஈபர்ட், 1980-ல் சக விமர்சகர் ஜீன் சிஸ்கெலுடன் இணைந்து நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பெண்களைத் துரத்திக் கொல்வதையே காட்சிப் பொருளாக்கும் படங்களைக் கடுமையாகச் சாடினார். அப்போதும் 'ஹாலோவீன்' படத்தை அவற்றிலிருந்து விலக்கியே பேசினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பெங்களூருவின் பங்கு

இவ்வகைக் கதைகளுக்குப் பெங்களூருவும் அந்நியமானதல்ல. 1980-ல் வெளியான பாலு மகேந்திராவின் 'மூடுபனி' பெங்களூருவைப் பின்னணியாகக் கொண்டது. பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண்களைக் கொல்லும் இளைஞராகப் பிரதாப் போத்தன் நடித்த அந்தப் படம், இளையராஜா இசையமைத்த 100-வது படமாகும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' தாக்கத்தில் உருவான அது, ரத்தத்தை விடக் கொலையாளியின் மனநிலையில் அதிகக் கவனம் செலுத்தியது.

கன்னடத்தில் 2013-ல் வெளியான '6-5=2', மலையேற்றம் செல்லும் ஆறு நண்பர்களில் ஐவர் உயிரிழப்பதை, கண்டெடுக்கப்பட்ட கேமரா பதிவு போன்ற பாணியில் சொன்னது. அமானுஷ்யக் கதை என்றாலும், ஒவ்வொருவராகப் பலியாகும் அமைப்பு ஸ்லாஷருக்கு நெருக்கமானது. அதிகம் அறியப்படாத நடிகர்களும் ஆடும் கேமராவுமே அதன் பலம். இந்தப் பாணியில் சிலர் நம்பகத்தன்மையைக் காண்பார்கள். சிலருக்கு அது கண்ணுக்கு எரிச்சலூட்டும். அதே ஆண்டில் பவன் குமார் இயக்கிய 'லூசியா', திகில் படம் அல்ல என்றாலும், பொதுமக்களிடம் நிதி திரட்டியும் கன்னடப் படம் எடுக்கலாம் என்பதைக் காட்டியது.

பார்வையாளர்கள் பிரியும் இடங்கள்

ஸ்லாஷர் படங்கள் குறித்த கருத்து வேறுபாடுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தோன்றுகின்றன.

முதலாவது, தொழில்நுட்பம். மங்கலான ஒளி, தெளிவற்ற ஒலி, பழக்கப்படாத நடிப்பு ஆகியவை பொதுப் பார்வையாளருக்குக் குறைகள். இவ்வகைப் படங்களைத் தேடிப் பார்ப்பவரோ அவற்றைக் கையால் செய்த பொருளின் தழும்புகளைப் போல ஏற்றுக்கொள்கிறார். கொலைக் காட்சியில் கணினி வரைகலையைத் தவிர்த்து, கைவினை ஒப்பனையைப் பயன்படுத்தினால் கூடுதல் பாராட்டும் தருகிறார்.

இரண்டாவது, வேகம். கனடாவின் கிறிஸ் நாஷ் இயக்கி 2024-ல் வெளியான 'இன் எ வயலன்ட் நேச்சர்' இதற்குச் சிறந்த உதாரணம். படத்தின் பெரும்பகுதியில் கொலையாளியின் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா காட்டில் நடக்கிறது. பின்னணி இசை இல்லை. பழகிய கதையைப் புதிய கோணத்தில் காட்டியதாக ஒரு தரப்பினர் கொண்டாடினர். நடப்பதைத் தவிர ஒன்றும் நிகழவில்லை என மற்றொரு தரப்பினர் சலித்துக்கொண்டனர். இரு தரப்பினரும் விவரித்தது ஒரே அம்சத்தைத்தான்.

மூன்றாவது, வன்முறையின் நோக்கம். டேமியன் லியோன் இயக்கிய 'டெரிஃபையர் 2' (2022) சுமார் 2.50 லட்சம் டாலர் செலவில் உருவாகி 1.5 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஒப்பனைத் திறனுக்காக அது புகழப்பட்டது. இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டும் நீளமும் சித்திரவதைக் காட்சிகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. பெண்களின் உடல் மீதான வன்முறையைப் படம் கேள்வி கேட்கிறதா அல்லது ரசிக்க வைக்கிறதா என்ற வினா, 'சிகப்பு ரோஜாக்கள்' காலம் முதல் இன்றுவரை நீடிக்கிறது. இது வெறும் ரசனை வேறுபாடு அல்ல என்பதால், படத்தை வெறுப்பவரை 'திகில் படம் பார்க்கத் தெரியாதவர்' என்று ஒதுக்கிவிட முடியாது.

எண்கள் சொல்லாதவை

'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் காணப்படும் சதவீதம் படத்தின் சராசரி மதிப்பெண் அல்ல. எத்தனை சதவீத விமர்சனங்கள் சாதகமாக உள்ளன என்பதையே அது காட்டுகிறது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படம் அங்கே 90 சதவீதத்தைத் தொடலாம். பாதிப் பேர் தீவிரமாக நேசித்து, மீதிப் பேர் வெறுத்த படம் 50 சதவீதத்தில் நின்றுவிடும். அதேபோல், பத்துக்கு ஐந்து என்ற சராசரி, அனைவரும் ஐந்து கொடுத்ததாலும் வரலாம். பாதிப் பேர் ஒன்பதும் மீதிப் பேர் ஒன்றும் கொடுத்ததாலும் வரலாம். ஸ்லாஷர் படங்களில் இரண்டாவது நிலையே ஏற்பட வாய்ப்பு அதிகம்.

சான்றிதழும் வருவாயும்

இந்தியாவில் ரத்தக் காட்சிகள் மிகுந்த படங்களுக்குப் பொதுவாக 'ஏ' சான்றிதழ் கிடைக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோர் அவற்றைத் திரையரங்கில் பார்க்க முடியாது. 2023-ம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, 'யு/ஏ' பிரிவு 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படங்களை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. அதற்குத் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். எனவே, காட்சிகளைக் குறைத்தால் தீவிர ரசிகரும், குறைக்காவிட்டால் தொலைக்காட்சி வருவாயும் கைநழுவும் நிலையில் சிறு தயாரிப்பாளர் சிக்கிக்கொள்கிறார்.

விமர்சனத்தைத் தடுக்கலாமா?

எதிர்மறைக் கருத்துகளால் வசூல் பாதிக்கப்படுவதாகக் கூறி, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வெளியிடத் தடை கோரி தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் தரப்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் இதை விசாரித்த நீதிமன்றம், கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி, இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

பெரிய படங்களுக்கு விமர்சனம் ஓர் இடையூறாகத் தோன்றலாம். ஆனால், சுவரொட்டி ஒட்டவும் வழியில்லாத சுயாதீனப் படத்துக்கு, விமர்சனம் இல்லையென்றால் அது வெளியான செய்தியே மக்களைச் சென்றடையாது. கடுமையான கருத்தும் காரணத்துடன் எழுதப்பட்டால் அதற்குப் பயன்படும். 'மெதுவாக நகர்கிறது', 'ரத்தம் அதிகம்' என்ற குறைகளைப் படிக்கும்போதே, அதைத்தான் தேடுகிறேன் என்று டிக்கெட் வாங்குபவரும் உண்டு. தமக்கு உகந்ததல்ல என்று விலகி, பணத்தையும் நிம்மதியையும் காத்துக்கொள்பவரும் உண்டு. காரணம் சொல்லாத ஒற்றை நட்சத்திரத்தால் இந்த இருவருக்குமே பயனில்லை.