கல்லறை இல்லாத கவிஞர்



கொடைக்கானலில் ஏரியை 1863இல் உருவாக்கிய மதுரைக் கலெக்டர் லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் உண்டு. மலை விளிம்பு நடைபாதை கோக்கர் பெயரில், பூங்கா பிரையண்ட் பெயரில். மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நினைவிடம் என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் எழுவது இதனால்தான்.

இன்குலாப்பின் கல்லறை எங்கே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கல்லறை இல்லை. 1944இல் கீழக்கரையில் சாகுல் அமீதாகப் பிறந்து, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், 2016 டிசம்பர் 1 அன்று மறைந்தார். அவர் உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது வந்தது, குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். அரசு மரியாதைக்கும் மண்டபத்துக்கும் இடம் வைக்காமல் போனவர் அவர்.

ஆனால் கல்லறை வேண்டாம் என்று சொல்வது நம் எல்லாருக்கும் ஒரே பொருள் தராது. சேரியில் சாவு விழுந்தால் சுடுகாட்டுக்குப் பாதை கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. 2016 தொடக்கத்தில் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில், தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுத்தெரு வழியே கொண்டுபோக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டும் நடக்கவில்லை. போலீசே உடலை வேறு வழியில் எடுத்துப்போய்ப் புதைத்தது. இதுபோன்றதொரு பிணத்தின் கதையைப் படமாக்கிய அம்ஷன் குமார், அதற்கு வைத்த பெயர் 'மனுசங்கடா'. இன்குலாப்பின் பாட்டுத் தலைப்பு அது. கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போன பாட்டு. அவரும் அதே 2016 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். முதன்மைக் குற்றவாளியான நிலக்கிழாரை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது.

எனவே இன்குலாப்பைப் பார்க்கப் போகிறவர்கள் கீழ்வேளூர் வட்டத்தில் இருக்கும் கீழவெண்மணிக்குப் போங்கள். டிசம்பர் 25 அன்று போனால் கூட்டத்தோடு நிற்கலாம். வேறு நாளில் போனால் 44 பெயர்களையும் வாய்விட்டுப் படிக்க நேரம் இருக்கும். ஒரே குடும்பத்துப் பெயர்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் குரல் தடுக்கும். தடுக்கட்டும், நிறுத்திவிட்டுப் படியுங்கள்.